கணினிக்குள் ஒரு பண்டகசாலை

மைசூருவில் 1891-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசினர் கீழ்த்திசை நூலகம், இன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அளித்த பனையோலைச் சுவடி ஒன்று அந்நூலகத்தை வந்தடைந்தது. கிரந்த எழுத்தில் அமைந்திருந்த அச்சுவடி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே என்பதை 1905-ஆம் ஆண்டில் நூலகர் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். 1909-இல் அந்நூலை அச்சிட்டு உலகறியச் செய்தார்.

அந்நூல் பண்டகசாலைத் தலைவருக்குரிய கடமைகளை விரிவாக வகுத்துரைக்கிறது. களஞ்சியத்திலுள்ளதில் பாதியை ஆபத்துக் காலத்திற்கென ஒதுக்கி வைக்க வேண்டும்; பழைய சரக்கை அகற்றி அதன் இடத்தில் புதிய சரக்கை நிரப்ப வேண்டும் என்பன அவற்றுட் சில. கணக்குப் பதிவேடுகளைப் பேணும் முறைக்குத் தனியே ஓர் அத்தியாயமும் உண்டு. சேமிப்பு, புதுப்பித்தல், கணக்கு ஆகிய இம்மூன்றில் ஒன்று தவறினாலும் பண்டகசாலை சீர்குலையும் என்பது இவற்றால் பெறப்படும் கருத்தாகும்.

இதே மூன்று கடமைகள் இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகளுக்குள்ளும் இடைவிடாது நடைபெற்று வருகின்றன. அங்கே சரக்கு என்பது மென்பொருள். பண்டகசாலைக் கணக்கரோ ‘பேக்கேஜ் மானேஜர்’ எனப்படும் பொதி மேலாளர். கணினியின் இயங்குதளத்தைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது, இக்கணக்கர் சில வேளைகளில் பணியை நிறுத்திப் பிழைச் செய்தி ஒன்றைத் திரையில் காட்டுவதுண்டு. அச்செய்தியைக் கண்டதும் கணினி பழுதாகிவிட்டதென்று முடிவு செய்து, வட்டு முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுவோர் பலர். அவ்வாறு அழிக்கையில் மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களும் களப்பணியாளர் திரட்டிய விவரங்களும் உடன் அழிந்துபோக நேரிடுகிறது. உண்மையில் அப்பிழைகளிற் பெரும்பாலானவை பழுதின் அறிகுறிகள் அல்ல. பழுது நேராமல் தடுக்கும் பொருட்டுக் கணக்கர் கையை உயர்த்தி நிறுத்துவதன் அறிகுறிகளேயாகும்.

பொதியும் பதிவேடும்

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் பணி செய்யும் மென்பொருள்களையும் இணைத்து ஆளும் அடிப்படை ஏற்பாடு ஆகும். லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு வருகிறது. பொதிக்குள் மென்பொருளின் கோப்புகளோடு ஒரு சீட்டும் இருக்கும். பொதியின் பெயர், பதிப்பு எண், அது இயங்குவதற்குத் தேவையான பிற பொதிகள், அதனுடன் சேர்ந்திருக்க இயலாத பொதிகள் ஆகிய விவரங்கள் அச்சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இயன் மர்டாக் என்பவர் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பைத் தொடங்கினார். பொதிகளைக் கையாளும் அதன் அடிப்படை நிரலை 1994-இல் இயன் ஜாக்சன் செம்மையாக எழுதி அமைத்தார். தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து பொதிகளையும் அவற்றுக்குத் தேவையான துணைப் பொதிகளையும் தானே கணக்கிட்டுத் தருவிக்கும் ‘ஆப்ட்’ என்னும் நிரல், 1999-இல் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் இடம்பெற்றது. முன்னதைச் சரக்கை இறக்கி அடுக்கும் கிடங்குப் பணியாளராகவும், பின்னதை எதனை எங்கிருந்து எந்த வரிசையில் தருவிப்பது என்று தீர்மானிக்கும் தலைமைக் கணக்கராகவும் கொள்ளலாம்.

நம் நாட்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் 2007-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. தமிழ், கன்னடம் முதலிய இந்திய மொழிகளில் பணியாற்ற வசதியளிக்கும் இது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரள அரசுப் பள்ளிகளில் பயன்படும் லினக்ஸ் தொகுப்பு உபுண்டுவின் வழிவந்தது. உபுண்டுவும் டெபியனிலிருந்தே 2004-இல் கிளைத்தது. ஆகவே டெபியனின் கணக்கு முறையை அறிந்தவர்க்கு இம்மூன்றின் பிழைகளும் எளிதிற் புலப்படும். 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டதை முன்னிட்டு, பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் எண்ணம் பல இடங்களில் எழுந்துள்ளமையால், இவ்வறிவு மேலும் அவசியமாகிறது.

ஒரு பொதியை நிறுவுதல் இரு படிகளில் நிகழ்கிறது. முதற்படியில் பொதி அவிழ்க்கப்பட்டு அதன் கோப்புகள் வட்டில் உரிய இடங்களில் வைக்கப்படுகின்றன. இரண்டாம் படியில் அம்மென்பொருள் அந்தக் கணினிக்கேற்ப அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் தொடங்குமுன்னரும் முடிந்த பின்னரும் நிலைப் பதிவேடு ஒன்றில் குறிப்பு எழுதப்படுகிறது. ‘பாதி நிறுவப்பட்டது’, ‘அவிழ்க்கப்பட்டது’, ‘பாதி அமைக்கப்பட்டது’, ‘நிறுவப்பட்டது’ எனப் பல நிலைகள் அதில் உண்டு. மின்சாரம் இடையில் நின்றுபோனாலும், எந்தப் பொதி எந்தப் படியில் நின்றதென்பது இப்பதிவேட்டால் தெரியவரும். இதுவே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

பதிப்பு மாற்றம் கடினமாவது ஏன்?

2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் வெளியான டெபியன் 13-ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் இருந்தன. சாதாரணமாக ஒரு கணினியில் இவற்றுள் ஆயிரக்கணக்கானவையே நிறுவப்பட்டிருக்கும். எனினும் ஒன்று மற்றொன்றைச் சார்ந்தும், சில பொதிகள் வேறு சிலவற்றுடன் ஒவ்வாமலும் இருப்பதால், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவது எளிதன்று. ஒரு திருமணப் பந்தியில், இன்னார் இன்னாருடன்தான் அமர்வர், இன்னாருக்கு அருகில் இன்னார் அமரார் என்ற நிபந்தனைகள் ஆயிரக்கணக்கில் இருப்பின் இலை போடுபவர் எவ்வாறு திகைப்பாரோ, அத்தகைய திகைப்பு கணக்கருக்கும் உண்டு. கொடுக்கப்பட்ட பொதி ஒன்றை நிறுவ இயலுமா என்ற கேள்வியே, கணித நூலார் மிகக் கடினமென வகுத்துள்ள கணக்குகளின் இனத்தைச் சேர்ந்தது என்பதை ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் 2006-இல் நிறுவிக் காட்டினர். நடைமுறையில் பெரும்பாலான வேளைகளில் விடை விரைவிற் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதபோது பிழைச் செய்தி தோன்றுகிறது.

இதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றைக் காணலாம். கணினிகள் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கழிந்த வினாடிகளை எண்ணிக் காலத்தைக் கணிக்கின்றன. இவ்வெண்ணிக்கைக்கு 32 பிட் இடம் ஒதுக்கும் பழைய முறையில் 2,147,483,647 வினாடிகளுக்கு மேல் எண்ண இயலாது. அந்த எல்லை 2038 ஜனவரி 19-ஆம் நாள், இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு எட்டப்படும். அடுத்த வினாடியில் அத்தகைய கணினி 1901-ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்லும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு டெபியன் 13-இல் காலத்தைக் குறிக்கும் இடம் 64 பிட்டாக விரிக்கப்பட்டது. இம்மாற்றத்திற்காக ஏராளமான பொது நிரற்பொதிகள் புதுப்பெயர் பெற்றன. பழைய பெயருடையதும் புதிய பெயருடையதும் ஒரே கோப்பின் உரிமையைக் கோருவதால் இரண்டும் சேர்ந்திருக்க இயலா. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக அன்றி, கூட்டங் கூட்டமாக அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு கூட்டத்தில் ஒரு பொதிக்குப் புதிய வடிவம் கிடைக்காவிடில் அக்கூட்டம் முழுவதும் நின்றுவிடும்.

பழைய 32 பிட் கணினிகளைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அவற்றுக்கான நிறுவு நிரலும் இயங்குதளக் கருவும் டெபியன் 13 முதல் வெளியிடப்படுவதில்லை. ஆதலின் அத்தகைய கணினியை அப்பதிப்புக்கு உயர்த்த முயலலாகாது. செயலி 64 பிட் வகையாக இருந்தும் 32 பிட் இயங்குதளம் நிறுவப்பட்டிருப்பதுண்டு; அங்கு கோப்புகளை வெளியே நகலெடுத்துக்கொண்டு, 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவுவதே நேரிய வழி.

பிழைச் செய்திகள் கூறுவன

பொதுவாக எதிர்ப்படும் பிழைகளை ஆறு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பூட்டுப் பிழை. பதிவேட்டில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம் என்ற விதியைக் காக்க, எழுதும் நிரல் அதனைப் பூட்டிக்கொள்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமாகவே தருவிக்கும் பணி பின்னணியில் நடந்துகொண்டிருக்கையில், வேறொருவர் மேம்படுத்தலைத் தொடங்கினால் இப்பிழை தோன்றும். பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு சிலர் ஆலோசனை கூறுவர். இது, கணக்கர் எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டை அவர் கையினின்றும் பிடுங்கி மற்றொருவர் எழுதுவதை ஒக்கும். சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் பெரும்பாலும் பூட்டு தானே விலகும்.

இரண்டாவது, இடையில் நின்ற பணி பற்றிய பிழை. மின்தடையாலோ, பயனர் பொறுமையிழந்து கணினியை அணைத்ததாலோ, அவிழ்க்கப்பட்டும் அமைக்கப்படாமலும் சில பொதிகள் நின்றுவிடும். அடுத்த முறை எதனை நிறுவ முயன்றாலும், முந்திய பாக்கியை முடித்த பின்னரே புதிய பணி என்று கணக்கர் கூறுவார். பாக்கியுள்ள பொதிகள் அனைத்தையும் அமைக்குமாறு கட்டளையிட்டால், பதிவேட்டைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து பணி தொடரும். வட்டை அழிக்க வேண்டிய நிலை இதில் எழுவதில்லை.

மூன்றாவது, சார்பு நிறைவேறாப் பிழை. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது, அதிகாரபூர்வமான களஞ்சியமல்லாத வேறிடங்களிலிருந்து நிறுவப்பட்ட பொதிகளாகும். அச்சுப்பொறிக்கான நிரல் ஒன்றை எவரோ பழைய பதிப்புக்கெனத் தந்திருப்பர். அது பழைய துணைப் பொதியை விட மறுக்கும். புதிய பதிப்போ புதிய துணைப் பொதியைக் கோரும். மாற்றாமல் வைக்குமாறு முன்னொரு நாள் நிறுத்தி வைத்து, பின் மறந்துபோன பொதியும் இவ்வாறே தடையாகும். அந்த ஒரு பொதியை இனங்கண்டு தற்காலிகமாக நீக்கினால் முடிச்சு அவிழும்.

நான்காவது, ஒரே கோப்புக்கு இரு பொதிகள் உரிமை கோரும் பிழை. பழைய பொதி ஒன்று பதிப்பு மாற்றத்தில் இரண்டாகப் பிரிக்கப்படும்போதோ, வெளியார் கட்டிய பொதி கலந்திருக்கும்போதோ இது நேரும். எந்தப் பொதி எக்கோப்பைக் கோருகிறதென்று செய்தியிலேயே பெயருடன் குறிக்கப்பட்டிருப்பதால், அதனைப் பொறுமையுடன் படிப்பதே பாதித் தீர்வு.

ஐந்தாவது, முகவரிப் பிழை. ஆதரவுக் காலம் முடிந்த பழைய பதிப்புகள் முதன்மைக் களஞ்சியத்திலிருந்து ஆவணக் களஞ்சியத்திற்கு மாற்றப்படுகின்றன. பழைய முகவரியில் தேடுகையில் ‘காணப்படவில்லை’ என்ற விடையே வரும். முகவரியின் அமைப்பே மாறுவதும் உண்டு. 2021-இல் வெளியான டெபியன் 11-இல் பாதுகாப்புத் திருத்தங்களுக்குரிய பிரிவின் பெயர் மாற்றியமைக்கப்பட்டது. 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பில் கருவிகளுக்கான உள்நிரல்கள் தனிப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. பதிப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு இவற்றைக் கவனியாதோர் இடர்ப்பட்டனர்.

ஆறாவது, முத்திரைப் பிழை. களஞ்சியத்தின் பட்டியல் மின்னணு முத்திரையுடன் வருகிறது. வழியில் எவரும் சரக்கை மாற்றிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. முத்திரை பொருந்தாவிடில் கணக்கர் சரக்கை ஏற்க மாட்டார். முத்திரையைச் சரிபார்க்காமலே ஏற்குமாறு கட்டளையிடுவது, தன்னையறியாமல் தீயவர்க்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

இவ்வாறாவது பிழைக்கு நாட்டுப்புறப் பள்ளிகளில் எளியதொரு காரணம் இருக்கக்கூடும். மின்சாரம் இல்லாத வேளையிலும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது, தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் வடிவ மின்கலம் ஆகும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இது 3 வோல்ட்டு வலுவுள்ள, 20 மில்லிமீட்டர் விட்டமுடைய சி.ஆர். 2032 வகையாகும். சில ஆண்டுகளில் இது வலுவிழந்தபின், விடுமுறை முடிந்து கணினியைத் திறக்கும்போது தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றிருக்கும். அப்போது களஞ்சியத்திலிருந்து வரும் பட்டியல், கணினியின் கண்ணுக்கு எதிர்காலத்தில் முத்திரையிடப்பட்டதாகத் தோன்றும். ‘இது இன்னும் செல்லுபடியாகும் காலம் வரவில்லை’ என்று கணக்கர் மறுத்துவிடுவார். இங்கே குறை மென்பொருளில் இல்லை. தேதியைச் சரிசெய்து, சிறு தொகையில் கடையில் கிடைக்கும் மின்கலத்தை மாற்றினாலே போதும்.

எச்சரிக்கையைக் கடந்து சென்றால்

கணக்கரின் சொல்லைக் கேளாமையால் விளையும் தீங்குக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. கனடாவில் கணினிகளைப் பற்றிய காணொளிகளை வெளியிட்டுவரும் லைனஸ் செபாஸ்டியன், 2021-ஆம் ஆண்டில் உபுண்டு வழிவந்த லினக்ஸ் தொகுப்பு ஒன்றில் விளையாட்டு மென்பொருள் ஒன்றை நிறுவ முற்பட்டார். அப்போது களஞ்சியத்தில் நேர்ந்திருந்த குறையொன்றால், அதனை நிறுவ வேண்டுமாயின் திரைத்தளம் உட்பட இன்றியமையாத பல பொதிகளை நீக்க வேண்டுமென்ற விபரீதமான கணக்கு விழுந்தது. தீங்கு விளையக்கூடும் என்று எச்சரித்த நிரல், ஆம், சொன்னபடி செய்க என்ற பொருள்பட ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாலன்றித் தொடர மறுத்தது. அவர் அவ்வாக்கியத்தைத் தட்டினார். திரைத்தளம் மறைந்து வெறும் எழுத்துத் திரையே எஞ்சியது.

இந்நிகழ்ச்சியில் தவறு ஒருவருடையது மட்டுமன்று. களஞ்சியத்தில் குறை இருந்தது. எச்சரிக்கை நீண்ட பட்டியலின் நடுவே மறைந்திருந்தது. பயனர் அதனைப் படியாமற் கடந்தார். பின்னர் ஆப்ட் நிரலை உருவாக்குவோர், இன்றியமையாப் பொதிகளை அவ்வளவு எளிதில் நீக்க இயலாதவாறு அதனைத் திருத்தியமைத்தனர். எனினும் பாடம் ஒன்றே. நிறுவப்படுவன எவை என்பதைக் காட்டிலும் நீக்கப்படுவன எவை என்ற பட்டியலையே முதலிற் படிக்க வேண்டும். ஒன்றைச் சேர்க்கச் சொன்னபோது பலவற்றை நீக்க நேருமென்று கணக்கர் கூறினால், மறுமொழி ‘வேண்டா’ என்பதே.

மேற்கொள்ளத்தக்க முறை

பள்ளியிலோ கள அலுவலகத்திலோ பதிப்பு மாற்றத்தை மேற்கொள்வோர் கீழ்க்கண்ட ஒழுங்கைப் பின்பற்றுதல் நன்று.

தேர்வுக் காலத்திலும், அறிக்கை அனுப்பவேண்டிய வாரத்திலும் இப்பணியைத் தொடங்கலாகாது. கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்பதை மற்றொரு கணினியில் சோதித்தறிய வேண்டும். சோதிக்கப்படாத நகல், நகலாகாது.

புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைத் தொடக்கமுதல் இறுதிவரை படித்தல் வேண்டும். டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அதற்கடுத்த பதிப்புக்கு மட்டுமே உயர்த்தலாம். 11-இலிருந்து நேரே 13-க்குத் தாவுதல் கூடாது. இடையிலுள்ள 12-ஐ அடைந்தே செல்ல வேண்டும்.

கணினியின் தேதியையும், வட்டில் உள்ள காலியிடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் போதாமற்போனால் பணி நடுவழியில் நின்றுவிடும். பின்னர், இருக்கும் பதிப்பிலேயே நிலுவையிலுள்ள திருத்தங்களை முடித்து, பாதி நிலையில் எப்பொதியும் இல்லையென்பதை உறுதி செய்து, வெளியார் களஞ்சியங்களைப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

அதன் பின்னரே புதிய பதிப்பின் முகவரிகளை எழுதலாம். முதலில், எதனையும் நீக்காமலும் புதிதாக ஒன்றைச் சேர்க்காமலும் மாற்றக்கூடியவற்றை மட்டும் மாற்றும் சிறு மேம்படுத்தலும், அடுத்து முழு மேம்படுத்தலும் செய்யுமாறு டெபியனின் குறிப்புகள் அறிவுறுத்துகின்றன. பணி நடக்கையில் திரையிற் காணும் செய்திகள் முழுவதையும் ஒரு கோப்பில் பதிவு செய்துகொள்ளவும் அவை கூறுகின்றன. உதவி நாடும்போது, ‘ஏதோ பிழை வந்தது’ என்பதைக் காட்டிலும் இப்பதிவு நூறு மடங்கு பயன்படும். தடையில்லா மின்வழங்கி இல்லாத இடத்தில், மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்ட மடிக்கணினியில் முதலில் முயல்வது நலம். ஆய்வகத்தில் பல கணினிகள் இருப்பின் ஒன்றில் மட்டும் செய்து, ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிழை நேர்ந்தால், செய்தியின் கடைசி வரியைக் காட்டிலும் முதலில் தோன்றிய பிழை வரியையே தேடுதல் வேண்டும். ஒரு பொதி நின்றதனால் அதனைச் சார்ந்த இருபது பொதிகள் நிற்கும். திரையில் இருபத்தொரு பிழைகள் காணும். தீர்க்க வேண்டியது ஒன்றே.

மைசூருவில் 1963-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வட்டாரக் கல்வி நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களின் ஆசிரியர்களுக்குரிய பயிற்சிப் பணியை ஆற்றி வருகிறது. அந்நகரின் மற்றொரு பகுதியில், பண்டகசாலையின் ஒழுங்கை எழுதிவைத்த நூல் ஓலைச்சுவடியிலிருந்து மீட்கப்பட்டது. பாதியை ஆபத்துக்கென ஒதுக்குக என்ற அந்நூலின் விதி இன்று நகலெடுத்தல் என்றும், பழையதைப் புதியதால் மாற்றுக என்ற விதி பதிப்பு மாற்றம் என்றும் பெயர் பெற்றுள்ளன. மூன்றாவதான கணக்கைக் கணினியே எழுதி வைத்துக்கொள்கிறது. அதனைப் படிப்பது மட்டுமே மனிதருக்கு எஞ்சியுள்ள பொறுப்பு. பிழைச் செய்தி தோன்றும் வேளையில் விசைப்பலகையினின்றும் கையை எடுத்துவிட்டு, அதனை ஒரு முறை முழுவதும் படிப்பவர், பல மாணவர்களின் ஓராண்டு உழைப்பை அழிவினின்றும் காத்தவராவார்.